சிரிப்பு ஷாட்

பாத்து சார், கால் பட்டுடப் போவுது. கண்ணாடி போட்ட படம். மேல வைக்கலாம்னு பாத்தா அந்த அம்மாவோட பெட்டி சரிஞ்சு விழும்போல இருக்கு. மடியிலயே வெச்சுக்கறேன். நீங்க நல்லா தள்ளி உக்காருங்க.

யார் படமா? என் படம்தான் சார். ஏன் சிரிக்கறீங்க? தன் படத்தத் தானே தூக்கிட்டுப் போறவன இப்பதான் பாக்கறீங்களா? பெரம்பலூர்ல எங்க சகலை வீட்ல மாட்டறதுக்கு. சகலைன்னா என் சம்சாரத்தோட அக்கா வீட்டுக்காரர். திருநாவுக்கரசு. பதினெட்டுக்கு இருபத்திநாலு சைஸ்ல வேணும், சிரிக்காத படமா இருக்கணும்னு சொல்லிட்டார். வீட்டு ஆல்பத்தப் பூரா புரட்டினேன், எல்லாத்துலயும் பல்லக் காட்டிட்டு நிக்கறேன். கடைசியில ஸ்டுடியோவுக்குப் போயி புதுசா எடுத்தது. அவர் ஆணிகூட அடிச்சு வெச்சுட்டாராம்.

பிஸ்கட்டா? வேணாம் சார், நீங்க சாப்பிடுங்க. மோட்டல்ல பஸ் நின்னப்பக்கூட நான் இறங்கல. வெறும் வயித்தோட வாங்கன்னு சொல்லியிருக்கார். தன் கையால சமைச்சு வெச்சிருக்காராம். பாசக்கார மனுசன்.

நான் டிவி சீரியலுக்கு வசனம் எழுதறவன் சார். செல்வகணபதின்னு டைட்டில்ல வரும், நீங்க பாத்திருக்க மாட்டீங்க, அந்த நேரத்துலதான் எல்லாரும் காபி போடப் போறாங்க. ஆனா லாக்டேபிள் லோகுவத் தெரியும்ல? அதானே! சொன்னதும் மூஞ்சி மலருது பாருங்க. லோகு என் கைச்சரக்கு.

தொண்ணூத்தெட்டுல அது. வாரம் ஒரு நாள் வர்ற காமெடி சீரியல். டைரக்டர் கூப்ட்டு, "ஒரு பழம் கேரக்டர் வேணும்யா, அவன் உள்ள வந்தாலே சனம் சிரிக்கணும்"னார். பழம்னா புத்தகப் புழு. அப்பல்லாம் டிவியில படிக்கிறவன்னா ஒரே அச்சுதானே. சோடாபுட்டிக் கண்ணாடி, எண்ணெய் வழிய வழிச்சு வாரின தலை, பாக்கெட்ல நாலு பேனா, தொப்புளுக்கு மேல பேண்ட்டு. பொம்பளைங்க பக்கத்துல வந்தா வேர்த்துக் கொட்டணும். அதையெல்லாம் யார் வேணா எழுதிடுவான். எனக்கு உசுரோட ஒரு ஆள் வேணும். யோசிச்சேன். ஏன் யோசிக்கணும், வீட்டுலயே இருக்காரே!

எங்க சகலை பாலிடெக்னிக்ல கணக்கு வாத்தியார். எதுக்கும் சிரிக்க மாட்டார் சார். முப்பது வருசமாப் பாக்கறேன், ஒரு தடவ அவர் பல்லப் பாத்ததில்ல. யார் எதச் சொன்னாலும் விரலத் தூக்கி, "ஒரு சின்ன திருத்தம்"பார். என் கல்யாணத்துல கேளுங்க. நான் தாலியக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன், கெட்டிமேளம் சொல்லப் போறாங்க, இவர் எட்டிப் பாத்து, "ஒரு சின்ன திருத்தம், புரோகிதர் கடிகாரம் நாலு நிமிசம் வேகமாப் போவுது, முகூர்த்தம் இன்னும் ஆரம்பிக்கல"ன்னுட்டார். நாலு நிமிசம் சார்! கையத் தூக்கினபடி நிக்கறேன், மொத்த மண்டபமும் என்னப் பாத்துச் சிரிக்குது. அதுக்காகப் பழி வாங்கினேன்னு நெனச்சிடாதீங்க. அப்படியெல்லாம் மனசுல வெச்சுக்கற ஆள் இல்ல நான்.

லோகுவுக்கு அந்த விரல், அந்த வார்த்தை, எல்லாம் அப்படியே வெச்சேன். கையில எப்பவும் ஒரு லாக்டேபிள் புத்தகம், கணக்குல மடக்கை பாக்கறதுக்கு; பட்டப்பேரே அதான். வாரா வாரம் யாராவது ஒருத்தர் அவன் கண்ணாடி மேல உக்காந்துடுவாங்க. சக்கைப் போடு போட்டுது. தெருவுல பசங்க விரலத் தூக்கிட்டுத் திரிஞ்சாங்க. சகலை வேல பாத்த பாலிடெக்னிக்ல ஒரு மாணவன், நெசமாவே சார், அவர் துடைச்சு மேசையில வெச்ச கண்ணாடிய எடுத்து நாற்காலியில போட்டு உக்காந்துட்டான். நொறுங்கிப் போச்சு. இவர் மிச்ச நேரம் பூரா போர்டத் தடவித் தடவிப் பாடம் நடத்தினாராம். அவர் சம்சாரம், எங்க மச்சினி, பூங்கோதைன்னு பேரு, போன்ல அழுதுட்டே சொன்னாங்க. எனக்கு மேல் புல்லரிச்சுப் போச்சு. எழுதறவனுக்கு இதவிட என்ன சார் வேணும்?

ரெண்டு வருசத்துல அவர் வேலைய விட்டுட்டார். ஏன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. அவர் மகளப் பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ளையோட சித்தப்பா இவர் மூஞ்சியப் பாத்ததும், "லாக்டேபிளு!"ன்னு கத்தி, சிரிச்சு, பொறையேறி, தண்ணி குடுத்து ஆசுவாசப்படுத்த வேண்டியதாப் போச்சு. அந்த இடம் அமையல. அந்தப் பொண்ணு இப்ப பூனாவுல இருக்கா, கல்யாணமே வேணாம்னுட்டா. இந்தக் காலத்துப் பொண்ணுங்க அப்படித்தான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த முதல் எபிசோட்லேர்ந்து வாராவாரம் எனக்கு அவர்கிட்டயிருந்து ஒரு கார்டு வரும். தபால் கார்டு. "திருத்தம் 1: கதாபாத்திரம் புரட்டும் பக்கத்தில் இருப்பது மடக்கை அல்ல, சைன் அட்டவணை." "திருத்தம் 2." இப்படி நம்பர் போட்டு. திட்டி ஒரு வார்த்தை இருக்காது. கேலி இருக்காது. நான் பதில் போட்டதே இல்ல, புத்தகத்துல பக்கம் அடையாளத்துக்கு வெச்சுக்குவேன். அப்புறம் போலீஸ் சீரியல் காலம் வந்துச்சு. லோகு மாதிரி ஆளுங்களப் பாத்து யாரும் சிரிக்கல, ஏன்னா அவன் இப்ப போலீசுக்கு உதவற ஆளு. கீபோர்டப் படபடன்னு தட்டுவான், பத்தே செகண்ட்ல கொலகாரன் எந்தத் தெருவுல இட்லி சாப்பிடறான்னு வந்துடும். கார்டு வந்துச்சு. "திருத்தம் 611: அப்படி வராது."

அப்புறம் பாத்தா பழமே ஹீரோ! மூக்குல கண்ணாடி மாட்டினவன்தான் அழகன்னு ஆயிடுச்சு. மூணு பொண்ணுங்க சுத்தி வராங்க. மச்சினி ஆசைப்பட்டாங்கன்னு அந்த ஷூட்டிங்குக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனேன். எங்க செட்ல கண்ணாடி போட்ட ஆளுக்கெல்லாம் வெறும் ஃபிரேம்தான் சார், உள்ள கண்ணாடி இருக்காது. இருந்தா லைட்டு அடிச்சு கேமராவுல தெரியும். சகலை அந்த ஹீரோகிட்ட ஃபிரேம வாங்கினார். கண்ணாடி இருக்க வேண்டிய எடத்துல விரல விட்டார். விரல் அந்தப் பக்கம் வந்துடுச்சு. எடுத்தார். திரும்பவும் விட்டார். ரொம்ப நேரம் அப்படியே பண்ணிட்டு நின்னார். அன்னிக்கு எனக்கு என்னவோ போல இருந்துச்சு, ஏன்னு தெரியல.

உளுந்தூர்பேட்டை தாண்டியாச்சா? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சொல்லிடறேன்.

இப்ப நாலு வருசமா காத்து வேற பக்கம் அடிக்குது. இப்ப ஹீரோவா வேணாம், பழத்த வில்லனாக்குன்னு சேனல்ல சொல்றாங்க. அமைதியான ஆளு. சத்தமா ஒரு வார்த்தை பேச மாட்டான். தனி ரூம்ல உக்காந்து வீட்டுல இருக்கறவங்க எப்ப எந்திரிக்கறாங்க, எப்பத் தண்ணி குடிக்கறாங்கன்னு நோட்டுல எழுதிட்டே இருப்பான். ஒவ்வொருத்தரா கொல்லுவான். கொல்றதுக்கு முன்னாடி விரலத் தூக்கி, மெதுவா, "ஒரு சின்ன திருத்தம்". ஆமா சார், அதே வார்த்தைதான்! இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னால சனத்தச் சிரிக்க வெச்ச வார்த்தைய இப்ப சொன்னா சனம் நடுங்குது. அதுதான் எழுத்து.

ரெண்டு வருசம் முன்னாடி மச்சினி தவறிட்டாங்க. நெஞ்சுவலி. நான் காரியத்துக்குப் போயிருந்தேன். சகலை அழல. ஒரு ஓரமா உக்காந்து நோட்டப் புரட்டிட்டிருந்தார். எட்டிப் பாத்தேன். எந்த மாத்திரை எத்தன மணிக்குக் குடுத்தேன், எத்தன மணிக்கு மூச்சு வாங்குச்சு, எத்தன மணிக்கு நின்னுச்சு, எல்லாம் எழுதி வெச்சிருக்கார். எங்க தப்பாச்சுன்னு தேடறாராம். எனக்குள்ள பளிச்சுன்னு ஒண்ணு தோணுச்சு சார். ஊருக்குத் திரும்பின ரெண்டாவது வாரம் எழுதினேன். வில்லன் தன் சம்சாரத்துக்கே தேங்காப்பால் பாயசத்துல அரளி விதைய அரைச்சுக் கலந்து குடுத்துட்டு, பக்கத்துல உக்காந்து நேரத்த நோட்டுல எழுதறான். அந்த வாரம் எங்க சீரியல்தான் நம்பர் ஒன். டைரக்டர் கேக் வெட்டினார்.

அவர் தெருவுல பேச்சு கிளம்பிடுச்சு. யாரோ மனு போட்டு, போலீஸ் வந்து ரெண்டு நாள் அவர விசாரிச்சுட்டுப் போனாங்க. நோட்டையும் எடுத்துட்டுப் போனாங்க. ஒண்ணும் இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. இருந்தாலும் அவர் வெளிய வந்தா அக்கம்பக்கத்துல கதவச் சாத்திக்கறாங்களாம். பால்காரர் நின்னுட்டார். நான் போன் பண்ணி தைரியம் சொன்னேன். "சனம் கெடக்குது அண்ணே, டிவியப் பாத்துட்டு எதையாவது பேசும், மனசுல வெச்சுக்காதீங்க." அவர், "சரி சகலை"ன்னார். அவ்ளோதான்.

அந்த வாரக் கார்டு? வந்துச்சே. "திருத்தம் 1304: நீங்கள் எழுதிய விதத்தில் பாயசம் கசக்கும். குடிப்பவருக்குத் தெரிந்துவிடும்."

இனிமேதான் சார் நான் பண்ணின தப்பு. ஒத்துக்கறேன், இது ஒண்ணுதான் தப்பு.

இந்த வருசம் சேனல்ல புதுசா ஒரு யோசன. வில்லனுக்கும் ஒரு கண்ணீர்க் கத வேணும், அவன் ஏன் இப்படி ஆனான்னு காட்டணும். சரின்னு, அவன் அப்பா ஒரு கணக்கு வாத்தியார், ஊரே கேலி பண்ணிச் செத்துப் போனார்னு எழுதினேன். கொல்றதுக்கு முன்னாடி அவன் அப்பா படத்து முன்னால நின்னு பேசுவான். காலையில ஒன்பது மணிக்கு முதல் ஷாட், செட்ல படம் இல்ல. படத்துக்கு யார் மூஞ்சின்னு கேட்டாங்க. என் போன்ல சகலையோட பழைய போட்டோ இருந்துச்சு. சோடாபுட்டிக் கண்ணாடியோட. குடுத்துட்டேன். பிரிண்ட் போட்டு, மால போட்டு, பொட்டு வெச்சு, கீழ வெளக்கேத்திட்டாங்க.

எங்க செட்ல ஒரு வழக்கம் இருக்கு சார். உசுரோட இருக்கற ஆள் படத்துக்கு மால போட்டா, ஷாட் முடிஞ்சதும் அந்த ஆள் நேர்ல வந்து, தன் கையாலயே மாலையக் கழட்டிப் போட்டுட்டு, கேமராவப் பாத்துச் சிரிக்கணும். பொணமா நடிச்சவனும் அப்படித்தான், எந்திரிச்சு உக்காந்து சிரிக்கணும். அந்த ஷாட்டு டிவியில வராது. ஆனா எடுக்காம விட மாட்டாங்க. எடுக்காம விட்ட ஆளுங்களப் பத்தி நெறைய கத இருக்கு, வேணாம், பஸ்ல போறப்ப சொல்லக் கூடாது. மானேஜர் ஓடி வந்து, "இவர் இருக்காரா, இல்லையா?"ன்னார். இருக்கார்னா பெரம்பலூர்லேர்ந்து வரவழைக்கணும். ஷூட்டிங் நின்னுடும். "இல்ல"ன்னுட்டேன்.

ஒரு வார்த்த சார். வாய்ல வந்துடுச்சு.

நாப்பத்தொரு எபிசோடு போயிடுச்சு. டெய்லி சாயங்காலம் அவர் படம், மால, வெளக்கு. என் சம்சாரம் வேதவல்லி சீரியலே பாக்க மாட்டா. அன்னிக்கு என்னவோ போட்டிருக்கா. "ஐயோ, அத்தான்!"னு ஒரு அலறல். கையில இருந்த தட்டு கீழ. அதுக்கப்புறம் என்கூட ஒரே ஒரு தடவதான் பேசினா. "எங்கக்காவத்தான் காரியம் முடிஞ்ச பதினஞ்சாம் நாள் டிவியில கொன்னீங்க, இப்ப அவரையுமா? போயி அந்தச் சிரிப்ப எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த வீட்ல உங்களுக்குச் சோறு கெடையாது"ன்னுட்டா. செட்லயும் ஒண்ணு ஒண்ணா நடக்குது. டைரக்டர் வழுக்கி விழுந்து இடுப்பு போச்சு. என் தலைக்கு மேல ஒரு லைட்டு கழண்டு ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு. அவ சொன்னா சொல்லிட்டுப் போறா, நான் இதெல்லாம் நம்பற ஆள் இல்ல. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்கு வேணும் சார். ராத்தூக்கம் போச்சு. உண்மையச் சொன்னா பயமா இருக்கு.

போன் பண்ணினேன். விசயத்தச் சொல்லி, நீங்க செட்டுக்கு வர வேணாம், சிரிப்ப மட்டும் நான் வந்து என் போன்லயே எடுத்துக்கறேன் அண்ணே, மாலைய அப்புறம் நானே கழட்டிடறேன், ஒரு தடவ சிரிச்சுடுங்கன்னேன். கோவமே இல்ல அவர்கிட்ட. "பாத்தேன். நாப்பத்தொண்ணு. சரி, புதன்கிழம தனியா வாங்க. உங்க படம் ஒண்ணு கொண்டாங்க"ன்னார். என் படம் எதுக்குண்ணேன்னு கேட்டேன். "சமன்பாட்டுல ஒரு பக்கம் ஒண்ணு செஞ்சா, இன்னொரு பக்கமும் அதையே செய்யணும் சகலை. அப்பதான் சரியாகும்"னார். கணக்கு வாத்தியார் புத்தி எங்க போவும்! நான் அவர் படத்த ஊரே பாக்கற மாதிரி மாட்டினேன், அவர் என் படத்த அவர் வீட்ல மாட்டறார். மரியாதைதானே சார்? முந்தாநாள் கார்டும் வந்துச்சு. நம்பர் இல்ல. "இத்துடன் திருத்தங்கள் முடிந்தன"ன்னு மட்டும் இருந்துச்சு. மன்னிச்சுட்டார்னு அர்த்தம்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

அந்தத் தெரு சனம் பாக்கற மாதிரியே பாக்கறீங்களே. வெறும் வயிறு, சிரிக்காத படம், ஆணின்னு நீங்களா எதையோ கூட்டிக் கழிச்சுப் பாக்கறீங்க. அது நான் எழுதின மூஞ்சி சார், அவர் மூஞ்சி இல்ல. சீரியல்ல வர்றவன் வேற. அவர் அப்படியெல்லாம்... அவர் எப்படின்னா... முப்பது வருசம் அவரப் பாத்துப் பாத்து எழுதினேன். உக்காந்து அவர்கிட்டப் பத்து நிமிசம் பேசினதில்ல. அவர் எப்படின்னு கேட்டா எனக்கே தெரியல.

இருங்க, போன் அடிக்குது. அவர்தான். நூறு ஆயுசு.

சொல்லுங்க அண்ணே... ஆமா, பஸ்லதான்... தொழுதூர் தாண்டிடுச்சு... இல்லண்ணே, எதுவும் சாப்பிடல... தனியாத்தான்... இல்ல இல்ல, யார்கிட்டயும் எதுவும் சொல்லல... அப்படியா? எதுக்கு அண்ணே உங்களுக்குச் சிரமம்... சரிங்க... அண்ணே, அது... சிரிப்பீங்கல்ல? அதுக்காகத்தான் வர்றேன்... ம்... ம்... சரி. வெச்சிடறேன்.

ஒண்ணும் இல்ல சார். பாயசம் வெச்சிருக்காராம். தேங்காப்பால் பாயசம். "நீங்க எழுதின மாதிரியேதான் வெச்சேன், ஒரு சின்ன திருத்தம் மட்டும் பண்ணியிருக்கேன், இப்ப கசக்காது"ன்றார்.

சிரிப்பா? கேட்டேனே, நீங்களும்தான் கேட்டீங்க. "கவலப்படாதீங்க சகலை. படத்த மாட்டி மால போட்டதும் சிரிக்கிறேன்"ன்னார். யார் படத்துக்கு மாலன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்.

தமாசுக்குச் சொல்றார் சார். முப்பது வருசத்துல மொத தடவையா தமாசு பண்றார். இருக்கும்ல? மனுசன் தனியா இருக்கார், ஒரு வாய் பாயசம் குடுக்க ஆள் இல்லாம இருக்கார், நான் போனா சந்தோசப்படுவார். அப்படியும் இருக்கலாம்ல? சொல்லுங்க சார். நீங்க வெளி ஆள், நீங்க சொன்னா சரியா இருக்கும். திரும்பிப் போலாம்னா வேதவல்லி கதவத் தொறக்க மாட்டா. மாலையும் அங்க செட்ல அப்படியே தொங்கும். போகாம இருக்க முடியாது.

பெரம்பலூர் வந்துடுச்சு. கண்டக்டர், ஒரு ஆள் எறக்கம்! இந்தப் படத்தக் கொஞ்சம் புடிங்க சார், எந்திரிச்சுக்கறேன். கண்ணாடி பத்திரம். என் நம்பரக் குறிச்சுக்கறீங்களா? சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு போன் அடிங்க. சும்மாதான். எடுப்பேன்.

அப்புறம் சார், அந்தப் பிஸ்கட் பாக்கெட்டு மிச்சம் இருக்கா? எல்லாத்தையுமே குடுத்துடுங்க. பசியெல்லாம் இல்ல. வயிறு நெறஞ்சிருக்குண்ணேன்னு அங்க போயி ஒரு வார்த்த சொல்லணும்ல, அதுக்குத்தான்.